ஆய்வில் ஐம்பது நோயாளிகள்: யார் அந்த ஐம்பது பேர்?

கருத்துத் திருட்டை எப்படித் தடுப்பது என்று வழிகாட்ட எழுதப்பட்ட ஒரு கட்டுரை, கருத்துத் திருட்டுக்காகவே திரும்பப் பெறப்பட்டது. யாரோ கட்டிவிட்ட நகைச்சுவைத் துணுக்கு என்று நினைக்க வேண்டாம். ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜி’ என்ற மருத்துவ ஆய்விதழில் நடந்தது. தோல்நோய் மருத்துவர்கள் சங்கத்தின் மேற்கு வங்கக் கிளை நடத்துகிற இதழ் அது. இந்தியச் சூழலில் கருத்துத் திருட்டை அணுகுவதற்கான நெறிமுறை என்ற பொருளில் 2014-ல் அந்தக் கட்டுரை வெளியானது. அடுத்த ஆண்டே, 2015-ல், இதழ் அதைத் திரும்பப் பெற்றது. வேறொருவர் எழுதிய ஆய்வேட்டில் இருந்ததை, அவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

செய்தி வந்தபோது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சிரித்தார்கள். கோயில் உண்டியலைக் காக்க வைத்த ஆளே உண்டியலைத் தூக்கிக்கொண்டு போன கதை போல இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்து முடித்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களில், பீடி சுற்றுகிற பெண்களோடும் விசைத்தறியில் நிற்கிற ஆட்களோடும் வேலை செய்கிற எங்களுக்கு இதில் சிரித்துவிட்டு நகர முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ‘ரிட்ராக்‌ஷன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுகிற இந்தத் திரும்பப் பெறுதல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு கட்டுரை அச்சாகிவிட்டது. பிறகு அதில் திருட்டோ, பொய்த் தரவோ, பெரும் பிழையோ இருப்பது தெரியவருகிறது. இதழின் ஆசிரியர் குழு விசாரிக்கிறது. குற்றம் உறுதியானால், இந்தக் கட்டுரையை இனி யாரும் நம்ப வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. கட்டுரையைக் கிழித்து எறிந்துவிடுவதில்லை. அது இணையத்தில் அப்படியே இருக்கும், மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு. பெரும்பாலும் அந்த அறிவிப்பு நாலைந்து வரிதான். யார், எதை, எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைக்கூடத் தெளிவாகச் சொல்லாத அறிவிப்புகள் ஏராளம். அச்சாகி, மேற்கோள் காட்டப்பட்டு, அதை வைத்துப் பதவி உயர்வும் வாங்கியான பிறகு வருகிற நாலு வரி.

ஒருவருடைய கவிதையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால், இழப்பு அந்தக் கவிஞருக்கு. மருத்துவக் கட்டுரையில் அப்படி முடிந்துவிடுவதில்லை. மருத்துவக் கட்டுரையில் இருப்பது வெறும் வாக்கியம் கிடையாது. அதில் மனித உடம்பு இருக்கிறது. ரத்த அளவு, வயது, எடை, எத்தனை நாள் மருந்து சாப்பிட்டார், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கட்டுரையைத் திருடுகிறவன் அந்த உடம்புகளையும் சேர்த்துத்தான் திருடுகிறான்.

எங்கள் பேச்சு மிகையாகத் தெரிந்தால் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பாஸ்டன் நகரத்தில் டாக்டர் மைக்கேல் டான்சிங்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் உணவுமுறைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். அந்தக் கட்டுரையை 2015-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்ற புகழ்பெற்ற இதழுக்கு அனுப்பினார்கள். இதழ் அதை மதிப்பீட்டுக்கு ஆட்களிடம் கொடுத்தது. பிறகு வெளியிட முடியாது என்று சொல்லிவிட்டது. சில மாதம் கழித்துப் பார்த்தால், அதே கட்டுரை ‘எக்ஸ்லி ஜர்னல்’ என்ற வேறோர் இதழில் வேறு பெயர்களோடு வந்திருக்கிறது. மதிப்பீடு செய்யச் சொல்லிக் கொடுக்கப்பட்ட ஆளே அதைத் தன் கட்டுரையாக்கிவிட்டார். அவர் இத்தாலிக்காரர். அதனால் பாஸ்டன் நோயாளிகள் எல்லோரும் இத்தாலி நோயாளிகளாக மாறிவிட்டார்கள்! இத்தாலியில் அப்படி ஒரு ஆய்வே நடக்கவில்லை. அந்த நோயாளிகள் யாரும் அங்கே இல்லை. விஷயம் வெளியே வந்ததும் 2016-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில், திருடியவரின் பெயரைக் குறிப்பிடாமல், அவருக்கே ஒரு கடிதமாக டான்சிங்கர் எழுதினார். முதலில் கட்டுரையை மறுத்த அதே ‘அன்னல்ஸ்’ இதழ்தான் அந்தக் கடிதத்தை வெளியிட்டது.

டான்சிங்கரின் ஆண்டுக்கணக்கான உழைப்பு போனது. நியாயமான கோபம்தான். ஆனால் வேறொன்றையும் யோசியுங்கள். ஒரு மருந்தோ உணவுமுறையோ பயன் தருமா என்று முடிவு செய்கிறவர்கள், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். பாஸ்டன் கட்டுரையும் வந்து, இத்தாலிக் கட்டுரையும் நிலைத்திருந்தால், ஒரே ஆட்களை இரண்டு தடவை எண்ணியிருப்பார்கள். அமெரிக்காவிலும் பலன் தெரிகிறது, இத்தாலியிலும் பலன் தெரிகிறது, ஆகவே நம்பலாம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கை வைத்து எழுதப்படுகிற சிகிச்சை நெறிமுறை ஊர் ஊராகப் போய், கடைசியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிற டாக்டரின் கைக்கு வந்து சேரும். வரிசையில் நிற்கிற அக்காவுக்கு அந்தச் சீட்டில் உள்ள மருந்து எந்த ஊரில் இல்லாத நோயாளிகளின் பேரால் வந்தது என்று எப்படித் தெரியும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொரு டாக்டரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ‘ஐம்பது நோயாளிகள்’, ‘நூறு நோயாளிகள்’ என்று அதில் எண்ணிக்கை வரும். அந்த நோயாளிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்? பணம் கட்டி ஏசி அறையில் படுத்திருப்பவரிடம் போய், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு ஆய்வு, இன்னொரு தடவை ரத்தம் கொடுக்கிறீர்களா என்று எளிதில் கேட்டுவிட முடியாது. அவர் நூறு கேள்வி கேட்பார். அரசு ஆஸ்பத்திரி வார்டில் பாயை விரித்துப் படுத்திருக்கிற நம் ஆட்களிடம் கேட்கலாம். பட்டியல் சாதி மக்கள், கூலிக்காரர்கள், கணவன் இல்லாத பெண்கள், பழங்குடிகள். இந்திய மருத்துவ ஆய்வின் பெரும் பகுதி இவர்களுடைய உடம்பின் மேல்தான் நிற்கிறது. அட்டவணையில் இவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும் உண்டு. பெயர் போடாதது நோயாளியின் ரகசியத்தைக் காப்பதற்காக. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா, அவருக்குத் தெரிந்துதான் எடுத்தார்களா என்று கேட்க யாரும் இல்லையே, அதற்குத்தான் மறுப்பு.

நாங்கள் அவ்வப்போது நோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஒரு தடவை எங்களோடு வந்த ஓர் அக்கா, வெளியே வந்ததும் மடித்த காகிதம் எதையும் காட்டவில்லை. கையில் மை மட்டும் இருந்தது. என்னக்கா என்று கேட்டோம். “கைநாட்டு வைக்கச் சொன்னாவ, வச்சேன். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு என்னமோ உபயோகமாம்லா” என்றார். எதற்கு என்று கேட்கவில்லையா? “கேட்டா ஏசுவாவ. பெறவு மருந்து எழுதாம போயிட்டா?” இவ்வளவுதான் அவர் கொடுத்த ‘தகவலறிந்த ஒப்புதல்’. நோயாளிக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், ஒப்புதல் படிவத்தின் நகலை அவரிடமே கொடுக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறையிலேயே இருக்கிறது. அக்காவின் கையில் நகல் இல்லை, மை இருந்தது.

இந்த இடத்தில் கருத்துத் திருட்டைக் கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். ஒரு கட்டுரையின் முடிவுகளும் அட்டவணையும் வேறு எங்கிருந்தோ எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தால், இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அந்த ஐம்பது நோயாளிகளை யாரும் பார்க்கவே இல்லை. அப்படியானால் இல்லாத ஆட்களை வைத்து இருக்கிற ஆட்களுக்கு மருந்து எழுதுகிறார்கள். இல்லையென்றால், ஐம்பது பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள், அலையவிட்டார்கள், கைநாட்டு வாங்கினார்கள், கடைசியில் அதை உருப்படியாக எழுத நேரமில்லாமல் வேறொருவர் எழுதியதை ஒட்டிவிட்டார்கள். அப்படியானால் அந்த அக்கா கொடுத்த ரத்தம் சாக்கடைக்குப் போனது. இரண்டிலும் முதலில் ஏமாற்றப்பட்டவர் நோயாளி. திரும்பப் பெறும் அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். இதழ் வாசகர்களிடம் வருத்தம் தெரிவிக்கும். மூல ஆசிரியரிடம் வருத்தம் தெரிவிக்கும். நோயாளிகளிடம் வருத்தம் தெரிவித்த ஓர் அறிவிப்பை நாங்கள் இதுவரை வாசித்ததில்லை.

ஏன் இவ்வளவு திருட்டு? டாக்டர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அமைப்பு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால் ஆய்வுக் கட்டுரை வேண்டும் என்று விதி. ஆய்வு செய்ய நேரமோ கருவியோ பயிற்சியோ கிடையாது. டாக்டர் சமீரன் நந்தியும் மற்றவர்களும் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தியாவில் 579 மருத்துவக் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் எடுத்துப் பார்த்ததில், 332 நிறுவனங்கள், அதாவது 57.3 விழுக்காடு, 2005 முதல் 2014 வரை பத்து ஆண்டுகளில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. ஒன்றுகூட இல்லை! ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25 நிறுவனங்கள். பத்து ஆண்டுகள் ஒரு வரி எழுதாத இடத்தில் போய், நாளைக்குள் கட்டுரை கொடு, இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடையாது என்றால் என்ன நடக்கும்? எழுதித் தருகிற கடை திறக்கும். பல்கலைக்கழக வாசல் ஜெராக்ஸ் கடையில் தொடங்கி வாட்ஸ்அப் குழு வரைக்கும் இன்று அந்த வியாபாரம் நடக்கிறது. கட்டுரைக்கு ஒரு விலை, அதில் முதல் பெயராக இருக்க ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கிற போலி ஆய்விதழ்கள் இன்னொரு பக்கம். 2018 மே மாதத்தில் யுஜிசி தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே நாளில் 4,305 இதழ்களை நீக்கியது. அதுவரை அவற்றை அங்கீகரித்து வைத்திருந்ததும் அதே யுஜிசிதான். ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. முறையான மதிப்பீடு இல்லாமலே மதிப்பீடு செய்ததாகச் சொல்லி ஆய்வாளர்களை ஏமாற்றியதற்காக.

பெரிய தனியார் கல்லூரிகளின் கதை வேறு மாதிரி. அங்கே கட்டுரைப் பஞ்சம் இல்லை, வெள்ளம். சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் தேர்வறையில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவதையும், அவை அதே கல்லூரியின் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டி மேற்கோள் எண்ணிக்கையைப் பெருக்குவதையும் பற்றி ‘சயன்ஸ்’ இதழ் 2023 ஜூனில் விரிவாக எழுதியது. அந்தக் கல்லூரி தேசியத் தரவரிசையில் பல் மருத்துவத்துக்கு முதலிடம் பிடித்திருந்தது. பிறகு 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் ‘நியூரோசர்ஜிக்கல் ரிவ்யூ’ என்ற இதழ் நூற்றுக்கும் மேற்பட்ட குறுங்கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டதற்கான தடயங்கள் இருந்தன என்று காரணம் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை சவீதா நிறுவனத்திலிருந்து போனவை. உலக அளவில் 2023-ல் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதாக ‘நேச்சர்’ கணக்குச் சொன்னது. தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வருகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும் என்ற யோசனை அவர்களுக்கு வந்து சேர 2025 ஆகிவிட்டது.

இனி, பிடிபட்டால் யாருக்கு என்ன தண்டனை என்று பார்ப்போம். எங்கள் கோபத்தின் மையம் இதுதான்.

கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018 ஜூலையில் ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. ஒரு மாணவரின் ஆய்வேட்டில் பத்து விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை என்றால் ஓர் ஆண்டு சமர்ப்பிக்கவே முடியாது. அறுபதுக்கு மேல் போனால் பதிவே ரத்து. படிப்பு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஒரு பேராசிரியர் அதே அறுபது விழுக்காட்டுக்கு மேல் திருடினால்? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. மூன்று ஆண்டு புதிய மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கக் கூடாது. நாற்காலி அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் வேலை நீக்கம் வரைக்கும் பேச்சு. கற்றுக்கொள்ள வந்தவனுக்கு வாசல் அடைப்பு, கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு இரண்டு இன்கிரிமென்ட். ஒரே குற்றத்துக்கு ஆளுக்கு ஒரு தண்டனை என்று விதித்த சாத்திரம் ஒன்று இந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தது. அது யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2011-ல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்த கட்டுரை ஒன்றில் வேறு கட்டுரையின் வாக்கியங்கள் அப்படியே இருந்தது தெரியவந்தது. அதன் மூத்த ஆசிரியர்களில் ஒருவர் விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவ். மன்னிப்புக் கடிதம் போனது. ஆனால் தவறு செய்தது ஆய்வு மாணவர் என்றே விளக்கம் சொல்லப்பட்டது. கட்டுரை திரும்பப் பெறப்படவும் இல்லை. 2013 நவம்பரில் ராவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அவருடைய அறிவியல் பங்களிப்பை நாங்கள் மறுக்கவில்லை. புகழ் வந்தால் கட்டுரையின் மேல் என் பெயர், பழி வந்தால் மாணவன் பெயர் என்பது என்ன ஏற்பாடு என்று மட்டும் கேட்கிறோம்.

மருந்து விஷயத்திலேயே இதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்கு ஆர்.ஏ.மஷேல்கர் தலைவர். 2006 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அதன் முக்கியமான முடிவைச் சொல்கிற பத்தி, சட்ட அறிஞர் ஷம்னாத் பஷீர் எழுதிய ஆய்வறிக்கையிலிருந்து ஏறத்தாழ அப்படியே வந்திருந்தது. பஷீருடைய அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளின் கூட்டமைப்பு! அதே நேரத்தில்தான் நோவார்டிஸ் கம்பெனி கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நம் சட்டத்தை எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்தது. கிளிவெக் மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்; உள்நாட்டுக் கம்பெனிகளின் அதே மருந்து எட்டாயிரம், பத்தாயிரம். விஷயம் வெளியானதும் 2007 பிப்ரவரியில், தொழில்நுட்பப் பிழைகள் இருக்கின்றன என்று சொல்லி அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். திருட்டுக்கு மேல்மட்டத்தில் பெயர் தொழில்நுட்பப் பிழை. திருத்திய அறிக்கையை அரசு 2009-ல் ஏற்றுக்கொண்டது. 2014-ல் மஷேல்கருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. நோவார்டிஸ் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளியது நம் மக்களின் நல்ல நேரம்.

திருட்டைச் சுட்டிக்காட்டியவருக்கு என்ன ஆகும் என்பதற்குக் குமாவுன் பல்கலைக்கழகம் போதும். துணைவேந்தர் பி.எஸ்.ராஜ்புத்தின் பெயரில் வந்த இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ரெனாடா காலோஷ் எழுதியதன் நகல் என்று 2002-ல் தெரியவந்தது. இதை வெளியே கொண்டுவந்த துறைத் தலைவரைத்தான் முதலில் இடைநீக்கம் செய்தார்கள். நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்ஃபோர்டு இயற்பியலாளர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதிய பிறகுதான் விசாரணை சூடுபிடித்து, துணைவேந்தர் 2003-ல் பதவி விலகினார். அங்கே எழுதியது ஸ்டான்ஃபோர்டு. இங்கே ஒரு பட்டியல் சாதி ஆய்வு மாணவி, தன் வழிகாட்டி தன்னுடைய அத்தியாயத்தை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்று எழுதினால் யார் பதில் போடுவார்கள்?

எங்களுக்குப் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில், கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகம் 2010-ல், ஆய்வுக் கட்டுரைகளில் தரவுகளைத் திருத்தியதற்காக உயிரித் தொழில்நுட்பப் பேராசிரியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. மூடி மறைக்காமல் நடவடிக்கை எடுத்ததைப் பாராட்ட வேண்டும். அதோடு ஆறு ஆய்வு மாணவர்களின் பதிவும் ரத்தானது. அவர்களும் கட்டுரைகளில் பெயர் போட்டவர்கள்தான். ஆனாலும் ஒரு வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகைகூட வாங்க முடியாத இடத்தில், ‘இந்தப் படத்தைப் போடு’ என்று அவர் சொன்னால் மறுக்க ஒரு மாணவருக்கு என்ன பலம் இருக்கிறது என்பதையும் எந்த விசாரணைக் குழுவும் எடை போட்டாக வேண்டும்.

இப்போது தகுதிக்கு வருவோம். நம் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குள் போகும்போதெல்லாம், ‘இவர்களிடம் போய் ஊசி போட்டுக்கொள்ள முடியுமா?’ என்று கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்த குழுமூர் அனிதாவிடம் தகுதி இல்லை என்று சொன்ன கூட்டம். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று தோரட் குழு 2007-ல் அறிக்கை கொடுத்தபோது காதை மூடிக்கொண்ட கூட்டம். திருடிய கட்டுரையால் இணைப் பேராசிரியர் ஆனவரிடம் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று அவர்கள் ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா? காசு கொடுத்து வாங்கிய கட்டுரை தகுதியா? தேர்வறைக் கட்டுரைகளால் ஏறிய தரவரிசை தகுதியா? கட்டுரைகள் பத்தாயிரம் கணக்கில் திரும்பப் பெறப்படும்போது தகுதியைப் பற்றி ஒரு தலையங்கமும் வருவதில்லை.

நம் பக்கத்து நண்பர்கள் சிலரோடும் எங்களுக்குச் சண்டை உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்கு ஆங்கிலம் வராது, அவன் நாலு பத்தி எடுத்துப் போட்டால் என்ன, அதைப் பெரிதாக்காதீர்கள் என்கிறார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆங்கிலம் வராதவனுக்குத் தமிழில் எழுத உரிமை கேட்போம். மேற்கோள் காட்டவும் அடுத்தவர் கருத்தைத் தன் சொல்லில் சொல்லவும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொடுக்கச் சொல்வோம். சமூகவியல் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு அதை ஒருமணி நேரம்கூடச் சொல்லித்தந்ததில்லை. நூலகத்தில் உட்கார்ந்து நாங்களே பழகினோம். திருட்டுக்கு விலக்கு மட்டும் கேட்க மாட்டோம். அடுத்தவன் சொல்லை எடுத்துக்கொண்டு ஆளை மறைப்பது எப்படி வலிக்கும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர். 1907 முதல் 1914-ல் இறக்கும்வரை ‘தமிழன்’ இதழில் வாராவாரம் எழுதினார். சாதியையும் பௌத்தத்தையும் பற்றி அவ்வளவு எழுதிய மனிதரின் பெயர், அவருக்குப் பின் வந்த திராவிட இயக்க வரலாறுகளில் பல பத்தாண்டுகள் காணவில்லை. 1999-ல் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்ட பிறகுதான் அவர் பரவலாகப் பேசப்பட்டார். அதற்கு எந்த இதழும் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்று அறிவிப்புப் போடவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். விதியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள தண்டனை வேறுபாட்டை யுஜிசி எடுக்க வேண்டும். வேறுபாடு இருந்தே ஆக வேண்டும் என்றால் அதிகத் தண்டனை ஆசிரியருக்கு. மருத்துவக் கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டால், ஆய்வு நடந்ததாகச் சொல்லப்பட்ட ஆஸ்பத்திரியின் பதிவேட்டை எடுத்து அந்த நோயாளிகள் உண்மையில் இருந்தார்களா என்று சரிபார்க்க வேண்டும். இருந்தால், அவர்களைத் தேடிப்போய்த் தமிழில் சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியின்படி ஓய்வுபெற்ற அதிகாரியையே தேடிப்பிடிக்காமல், அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வருகிற மக்களிலிருந்து ஒருவரை, குறிப்பாக ஒரு தலித் பெண்ணை, உட்கார வைக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்க நாளாகும். அதுவரை சும்மா இருக்க முடியாது என்பதால் ஒரு துண்டுச்சீட்டு தயாரித்திருக்கிறோம். ஆய்வு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால் நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன: செய்கிறவர் பெயர் என்ன, தமிழ்ப் படிவமும் எனக்கு ஒரு நகலும் உண்டா, மறுத்தால் சிகிச்சை நிற்காது என்று எழுதித் தருவீர்களா, முடிவை என்னிடம் யார் வந்து சொல்வார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எங்கள் பெண்கள் குழு வாசித்துக் காட்டுகிறது. முதல் ஐநூறு சீட்டை மேலநீலிதநல்லூர் ஒன்றியத்து ஊர்களில் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். மற்ற ஒன்றியத் தோழர்கள் கேட்டால் அனுப்புகிறோம். தேவைப்பட்டால் திருத்திக்கொள்ளுங்கள், உங்கள் பெயரிலேயே அடித்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் எங்கள் பெயர் வேண்டாம்.